ஸ்பானிஷில் அச்சடித்த தாள் ஏன் மேஜையிலேயே கிடந்தது?

கேள்வி கேட்டவர் ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறார். தன் நகரத்தின் தன்னார்வ அவசரகாலக் குழுவில் சேர்ந்து பயிற்சி முடித்திருக்கிறார். புயல் பருவம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை தீயணைப்பு நிலையத்தில் பேரிடர் ஆயத்தம் பற்றி ஒரு விளக்க முகாம் வைத்தார்களாம். ஸ்பானிஷில் 300 துண்டறிக்கை அச்சடித்தார்கள். அந்த வட்டாரத்தில் மெக்சிகோ, ஹொண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் வந்தது நாலு குடும்பம். "மொழிபெயர்ப்பு சரியில்லையா? இல்லை, எல்லாம் கடவுள் விட்ட வழி என்று இருந்துவிடுவார்களா? மிச்சமிருக்கும் தாள்களை என்ன செய்வது? கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கை ஸ்பானிஷில் வருமா?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆபத்து வரும்போது யார் சொன்னால் அந்த மக்கள் நம்புவார்கள், அந்த ஆளாக நாம் ஆக முடியுமா என்பதுதான் அது.

நான் கலிபோர்னியாவில், ஸ்ட்ராபெரி வயல்கள் சூழ்ந்த ஒரு மாவட்டத்தில் 17 ஆண்டுகளாகப் பொதுச் சுகாதாரக் கல்விப் பணியில் இருக்கிறேன். நிலநடுக்கம், காட்டுத்தீ, புகை இவைதான் என் அனுபவம். புயலும் வெள்ளமும் எனக்குப் படிப்பறிவு மட்டுமே. நான் வழக்கறிஞரும் இல்லை. குடியேற்றச் சட்டம் வரும் இடத்தில் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள்.

முதலில் அந்த 'கடவுள் விட்ட வழி' எண்ணத்தை விட்டுவிடுங்கள். நான் பார்த்தவரை இந்த மக்கள் பேரிடரை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். 1976-இல் குவாத்தமாலா நிலநடுக்கத்தில் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1989-இல் கலிபோர்னியாவில் லோமா ப்ரியெட்டா நிலநடுக்கம் வந்தபோது, வாட்சன்வில் ஊரின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் கலஹன் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கின. அரசு திறந்த தங்கும் முகாம்களுக்குள் போக மறுத்தன. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பூங்காக்களிலும் அதேதான் நடந்தது. அதிகாரிகள் பலருக்கு இது புரியாத பிடிவாதமாகத் தெரிந்தது. ஆனால் பின்னதிர்வில் கூரை விழுந்து சொந்தக்காரரை இழந்தவர்களுக்குத் திறந்த வெளிதான் பாதுகாப்பு. அதோடு, உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த சால்வடோர், குவாத்தமாலாக்காரர்களுக்குச் சீருடைக்காரர்கள் காவல் நிற்கும் முகாம் எதை நினைவுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்களுடைய அறிவு சில இடங்களில் இந்த ஊருக்குப் பொருந்தாது என்பதும் உண்மைதான். மண் செங்கல் வீட்டில் வளர்ந்தவருக்கு, ஆடத் தொடங்கியதும் வெளியே போ என்பதுதான் சரியான பாடம். மெக்சிகோ பள்ளிகளில் "ஓடமாட்டேன், கத்தமாட்டேன், தள்ளமாட்டேன்" என்று சொல்லிக் கொடுத்து வரிசையாக வெளியேற்றுவார்கள். கலிபோர்னியாவின் மரச்சட்ட வீட்டில் நாங்கள் சொல்வது நேர் எதிர்: குனி, மேஜைக்கு அடியில் போ, பிடித்துக்கொள். இரண்டுக்கும் காரணம் கட்டடம்தான். இதை விளக்காமல் "வெளியே ஓடாதீர்கள்" என்று மட்டும் சொன்னால், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். அதனால் நான் எந்தக் கூட்டத்தையும் "உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியோடுதான் ஆரம்பிப்பேன். அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். போகட்டும்.

மொழிக்கு வருகிறேன். இதற்கு உங்கள் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மேற்கு டெக்சஸில் சரகோசா என்ற சின்ன ஊர். ஏறக்குறைய எல்லாருமே ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள். 1987 மே 22 மாலை, சிறு பிள்ளைகளின் பாலர் வகுப்பு நிறைவு விழாவுக்காகத் தேவாலயக் கூடத்தில் கூடியிருந்தார்கள். டொர்னேடோ எனும் சுழல்காற்றுச் சூறாவளி அந்தக் கூடத்தின் மேலேயே இறங்கியது. 30 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்தக் கூடத்தில். பிள்ளைகளைத் தங்கள் உடலால் மூடிக்கொண்டு இறந்த பெரியவர்கள் அதில் உண்டு. வானிலைச் சேவை எச்சரிக்கை விடாமல் இல்லை. அது இவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பானிஷ் அலைவரிசை நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு, உள்ளூர் எச்சரிக்கை அதில் வராது. பெனிக்னோ அகிர்ரே என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார். அவர் சுட்டிய இன்னொரு விஷயம் சொல்லைப் பற்றியது. ஆங்கிலத்தில் 'வார்னிங்' என்றால் ஆபத்து வந்துவிட்டது, உடனே ஒளிந்துகொள் என்று பொருள். அதற்கு அகராதி பார்த்துப் போட்ட 'அவீசோ' என்ற சொல் பலர் காதில் வெறும் 'அறிவிப்பு' என்றுதான் விழும். தண்ணீர் நாளைக்கு வராது என்பதும் அவீசோதான்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகியும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஸ்பானிஷ் பேசுவதில்லை. புயல் அடிக்கடி வரும் புவெர்டோ ரிக்கோக்காரருக்கு 'அவீசோ' என்றால் என்ன என்று தெரியும். சூறாவளியே பார்த்திராத மலையூரிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. ஆகவே உங்கள் தாளில் அந்தச் சொல் இருந்தால், பக்கத்திலேயே செய்ய வேண்டியதை எழுதுங்கள்: "இப்போதே சன்னல் இல்லாத அறைக்குப் போங்கள்." செயலைச் சொல்லும் வாக்கியத்துக்கு நாட்டுக்கு நாடு அர்த்தம் மாறுவதில்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லாருக்கும் ஸ்பானிஷ் தாய்மொழி இல்லை. எங்கள் வயல்களில் வேலை செய்பவர்களில் பெரிய பங்கு மிஸ்டெகோ பேசுகிறவர்கள், மெக்சிகோவின் ஒஹாக்கா, கெரேரோ பக்கத்துப் பூர்வகுடிகள். டெக்சஸில் உங்களுக்கு மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள் பேசும் குவாத்தமாலாக்காரர்கள் இருப்பார்கள். இவற்றைப் பேசுகிறவர்களில் பலர் அந்த மொழியைப் படித்துப் பழகியதில்லை. தாளில் மிஸ்டெகோ அச்சடித்துப் பயனில்லை, ஒலிப்பதிவுதான் வேண்டும். கலிபோர்னியாவின் வென்சுரா மாவட்டத்து ஆக்ஸ்நார்டில் மிஸ்டெகோ சமூக அமைப்பு ஒன்று 'ரேடியோ இந்திஹெனா' என்று வானொலியே நடத்துகிறது. 2017 டிசம்பரில் 'தாமஸ்' எனப் பெயரிடப்பட்ட காட்டுத்தீ அந்த மாவட்டத்தில் பரவியபோது, மாவட்டத்தின் அவசரத் தகவல்கள் ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் வந்தன. ஸ்பானிஷுக்கும் மிஸ்டெகோவுக்கும் மாற்றிச் சொன்னது இப்படிப்பட்ட அமைப்புகள்தான். வானமே ஆரஞ்சு நிறத்தில் இருக்க, தொழிலாளர்கள் முகக்கவசம் இல்லாமல் ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டிருந்தார்கள். என்-95 கவசங்களை வயல் ஓரத்தில் நின்று கொடுத்ததும் அந்த அமைப்புகள்தான். நுண்துகளுக்கான காற்றுத் தரக் குறியீடு 151-ஐ எட்டினால் வெளியில் வேலை செய்பவர்களுக்கு முதலாளி கவசம் தர வேண்டும் என்று கலிபோர்னியா விதி கொண்டுவந்தது 2019-இல், அதாவது அதற்குப் பிறகு. அந்த ஆண்டு மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, வென்சுரா, சோனோமா, பியூட் மாவட்டங்கள் இப்படிப்பட்ட மக்களைக் காக்கத் தயாராக இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது.

சரி, மொழி சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வருவார்களா? தீயணைப்பு நிலையத்துக்கு வரமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். வாசலில் கொடிக்கம்பம், உள்ளே சீருடை, நுழைந்ததும் பெயரும் முகவரியும் எழுதக் கேட்கும் தாள். ஒரு வீட்டில் அப்பாவுக்குக் குடியேற்ற ஆவணம் இல்லை, அம்மாவின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் இங்கே பிறந்த குடிமக்கள். இப்படிக் கலந்த குடும்பங்கள் நிறைய. அந்தக் குடும்பத்தில் யாரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டார்கள். பேரிடர் உதவிக்கான ஃபீமாவும், வீடு தேடி வந்து பிடித்துப்போகும் குடியேற்ற அமலாக்கத் துறையும் 2003-இலிருந்து ஒரே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ்தான் இருக்கின்றன. நமக்கு அது நிர்வாக விவரம். அவர்களுக்கு இரண்டுமே 'லா மிக்ரா', அதாவது ஆளைப் பிடித்துப்போகும் குடியேற்றப் போலீஸ்தான்.

இந்தப் பயத்தை வீண்பயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் நெருங்கியபோது, தெற்கு டெக்சஸ் நெடுஞ்சாலைகளில் உள்ள குடியேற்றச் சோதனைச் சாவடிகளை மூடமாட்டோம் என்று எல்லைக் காவல்துறை அறிவித்தது. கடற்கரையைவிட்டு வடக்கே தப்பிக்க வேண்டியவர்கள் போகும் வழி அதுதான். அப்போது ஹூஸ்டன் மேயராக இருந்த சில்வெஸ்டர் டர்னர், உதவி தேடி வருபவரை யாராவது நாடு கடத்தப் பார்த்தால் நானே அவருக்காக வாதாடுவேன் என்றார். அவர் வழக்கறிஞர் என்பதால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டம் காட்டுத்தீயில் எரிந்தபோது, முகாமுக்குப் போகப் பயந்து கடற்கரையில் காரிலும் கூடாரத்திலும் தூங்கிய குடும்பங்கள் உண்டு. அந்த மாவட்டத்துச் சாந்தா ரோசாவில் கே.பி.பி.எஃப். என்ற வானொலி இருக்கிறது. 1973-இல் தொடங்கியது, நாட்டின் முதல் இருமொழிப் பொது வானொலி. எந்தத் தெரு காலி செய்யப்படுகிறது, எந்த முகாமில் அடையாள அட்டை கேட்கவில்லை என்று அவர்கள் ஸ்பானிஷில் சொன்னதைத்தான் மக்கள் நம்பினார்கள். காரணம் எளிது. 44 ஆண்டுகளாகத் தினமும் கேட்டுப் பழகிய குரல் அது.

இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். சட்டத்தில் நெடுங்காலமாக உள்ளது இது: உயிர் காக்கும் உடனடி உதவிக்கு, அதாவது முகாம், உணவு, தண்ணீர், முதலுதவி இவற்றுக்கு, குடியுரிமை நிலை தடையில்லை. ஃபீமா தரும் பண உதவி குடிமக்களுக்கும் சில வகைக் குடியேறிகளுக்கும் மட்டும். ஆனால் வீட்டில் குடியுரிமை உள்ள சிறு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இந்தக் கடைசி விவரம் தெரியாமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உறுதியில்லாதது, முகாம் வாசலில் யாராவது நிற்பார்களா என்பது. பேரிடர் உதவி தரும் இடங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டுதல் 2021 அக்டோபரில் வந்தது, 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. அதனால் "பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது" என்று எவரிடமும் சொல்லாதீர்கள். ஆண்டுகளுக்கு முன்னால் நான் ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன், நல்ல எண்ணத்தில்தான். என்னோடு வந்த உள்ளூர்ப் பெண்மணி காரில் திரும்பும்போது, "உன்னால் காப்பாற்ற முடியாத வாக்கை என் அண்டை வீட்டாரிடம் கொடுக்காதே" என்றார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. இப்போதெல்லாம் "எனக்குத் தெரிந்தது இவ்வளவு, மிச்சத்தை இந்த இலவசச் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்" என்று சொல்லி, அந்த மையத்து ஆளையே கூட அழைத்துப் போகிறேன்.

அந்தப் பெண்மணி ஒரு ப்ரோமோத்தோரா. உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு என்றால், அது இந்தச் சொல்தான். அதே தெருவில் வாழ்ந்து, அதே தேவாலயத்துக்குப் போய், தன் அண்டை வீட்டாருக்கு உடல்நலம் பற்றிச் சொல்லப் பயிற்சி பெற்ற பெண்கள் இவர்கள். லத்தீன் அமெரிக்காவில் நெடுநாளாக உள்ள வழக்கம், அமெரிக்காவிலும் நீரிழிவு, தடுப்பூசி வேலைகளில் நன்றாக வேரூன்றிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் இதைப் பேரிடர் ஆயத்தத்துக்கும் சோதித்துப் பார்த்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லத்தீன் குடியேறிகளில் ஒரு பகுதியினருக்கு அஞ்சலில் துண்டறிக்கை அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினரை ப்ரோமோத்தோரா நடத்தும் 'பிளாத்திகா' எனும் சிறு உரையாடலில் உட்கார வைத்தார்கள். தாள் பெற்றவர்களும் கொஞ்சம் முன்னேறினார்கள், ஆனால் பேசியவர்கள் கூடுதலாகத் தயாரானார்கள். 2009-இல் அந்த முடிவு வெளிவந்தது. உங்கள் 300 தாள்களை நான் குறை சொல்லவில்லை. தாள் தனியாகப் போனால் அதன் எல்லை அவ்வளவுதான். இந்தப் பயன் சில ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்குமா என்பதுதான் என் சந்தேகம். ஒரு வருடம் கழித்துப் போனால், சேர்த்து வைத்த டப்பா உணவு சமையலுக்குப் போயிருக்கும். வேலை இல்லாத மாதத்தில் அதைச் சாப்பிடாமல் என்ன செய்வார்கள்?

பிளாத்திகா எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறை, எட்டுப் பத்துப் பேர், அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும், குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருப்பேன், அநேகமாகப் பேசமாட்டேன். ஒருமுறை தண்ணீர் சேமிப்பு பற்றிப் பேச்சு வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நாலு லிட்டர், என்பது எங்கள் பாடம். கடையில் பாட்டில் பெட்டிகள் வாங்க வேண்டும் என்று நான் தயாரித்த படத்தில் இருந்தது. ப்ரோமோத்தோரா அந்தப் படத்தைக் கீழே வைத்துவிட்டு, சமையலறை மூலையைக் காட்டினார். அங்கே மூன்று 'கர்ராஃபோன்', குடிநீர் நிரப்பும் பெரிய கேன்கள், நின்றிருந்தன. ஒவ்வொன்றும் ஐந்து கேலன். "உங்களிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. ஒன்று காலியானதும் அன்றைக்கே நிரப்புங்கள், கடைசிக் கேன்வரை காத்திருக்காதீர்கள்" என்றார். செலவு ஒன்றுமில்லை. நான் அதுவரை 'ஆயத்தமில்லாத குடும்பங்கள்' என்று அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எழுதியதில்லை.

இன்னொரு மாலை, அதைவிட ஆழமான ஒன்றைக் கற்றேன். நிலநடுக்கம் வந்து நீங்கள் வேலையிடத்தில் மாட்டிக்கொண்டால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்று கேட்டோம். எல்லாரிடமும் பதில் தயாராக இருந்தது. எந்த அத்தை, எந்த ஞானத்தாய், பள்ளி அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா, பிறப்புச் சான்றிதழ் நகல் எந்த உறையில், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எல்லாமே. தங்களை வேலையிடத்திலேயே குடியேற்றத் துறை பிடித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்பதற்காக அவர்கள் போட்டு வைத்த திட்டம் அது. அதே உறை, அதே அத்தை, அதே எண் நிலநடுக்கத்துக்கும் போதும். அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஓர் அம்மா எழுந்து போய்த் தன் உறையை எடுத்து வந்து காட்டினார். நாங்கள் அதில் சேர்க்கச் சொன்னது மருந்துச் சீட்டு நகலும், வேறு மாநிலத்தில் உள்ள ஒரு சொந்தக்காரரின் எண்ணும் மட்டும்தான். உள்ளூர்த் தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் சிக்கினாலும் வெளியூருக்குக் குறுஞ்செய்தி போய்ச்சேர வாய்ப்பு அதிகம் என்பதால். நீங்கள் போகும் வீடுகளிலும் இதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் கேட்பது நீங்களாக இருக்கக் கூடாது. அவர்களில் ஒருவர் கேட்கட்டும்.

கைப்பேசி எச்சரிக்கையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019 முதல் அமெரிக்கக் கைப்பேசி அவசர எச்சரிக்கைகள் ஸ்பானிஷில் வர வழி உண்டு. ஆனால் அனுப்பும் அலுவலகம் ஸ்பானிஷிலும் எழுதி அனுப்பினால்தான் வரும். உங்கள் மாவட்டம் அனுப்புகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பது, அவர்களில் ஒருவர் கேட்பதைவிடப் பாதுகாப்பானது. இதில் உங்களால் உண்மையாகவே உதவ முடியும். அரசு சேவைகளை ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் எட்டச் செய்யச் சொன்ன 2000-ஆம் ஆண்டு அதிபர் ஆணை 2025 மார்ச்சில் நீக்கப்பட்ட பிறகு, உள்ளூரில் கேட்கிறவர்கள் இருப்பது முன்பைவிட முக்கியம்.

ஹூஸ்டனில் நான் ஒரே ஒரு செய்தியைத்தான் கொண்டுபோக முடியும் என்றால், கார்பன் மோனாக்சைடைத்தான் எடுப்பேன். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சஸில் மின்சாரம் போனது, 2024 ஜூலையில் பெரில் புயலில் ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருளில் மூழ்கின. அப்படிப்பட்ட நாட்களில் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவார்கள், ஜெனரேட்டரைக் கார் கொட்டகையில் ஓட்டுவார்கள். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே கொன்றுவிடும். காற்றோட்டமான வீட்டில் கரியில் சமைத்துப் பழகியவருக்கு, காற்றுப்புகாத குடியிருப்பில் அது நஞ்சாகும் என்று தோன்றவே தோன்றாது. 2006 டிசம்பரில் சியாட்டில் பக்கம் புயலில் மின்சாரம் போய்க் குடியேறிக் குடும்பங்கள் பல இப்படிப் பாதிக்கப்பட்டபோது, சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் தன் முதல் பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கை போட்டது. ஜெனரேட்டர் வெளியே, சன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி. கரி ஒருபோதும் உள்ளே வேண்டாம். தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஆக, அடுத்த முகாமைத் தீயணைப்பு நிலையத்தில் வைக்காதீர்கள். ஞாயிறு ஸ்பானிஷ் திருப்பலி முடிகிற நேரத்தைப் பங்குத் தந்தையிடம் கேட்டு, முதல் மூன்று வாரம் எதுவும் விநியோகிக்காமல் அங்கே போங்கள். உங்கள் ஊர் சமூக மருத்துவமனையில் ப்ரோமோத்தோரா இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுக்க உங்கள் குழுவிடம் பணம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தருகிறோம், இவர்களை மட்டும் இலவசமாகக் கூப்பிடுவது நியாயமில்லை. வருகைப் பதிவுத் தாள் வேண்டாம், தலைகளை எண்ணிக்கொண்டால் போதும். கலிபோர்னியாவில் சான்டா பார்பரா பக்கம் சிறிதாகத் தொடங்கிய 'லிஸ்தோஸ்' எனும் பேரிடர் ஆயத்தத் திட்டம் இப்படித்தான் வளர்ந்தது, 2019-இல் மாநிலம் அதற்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்கு 'தயாராக இருப்பவர்கள்' என்றும் 'கெட்டிக்காரர்கள்' என்றும் இரண்டு பொருளும் உண்டு.

மிச்சமிருக்கும் தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பகுதி அதில் இருந்தால், அதை மட்டும் வெட்டி, பெரிய எழுத்தில் நகலெடுத்து, சலவை நிலையங்களில் உலர்த்தும் இயந்திரங்களுக்கு மேலே ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். துணி காயும் வரை முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், படிக்க வேறு எதுவும் இருக்காது. ஒட்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, எந்தச் சொல் புரியவில்லை என்று கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.